கண்டிச் சீமையும் பால்மரக் காடும்: இலங்கை, மலாயாத் தோட்டத் தமிழர் வாழ்நிலை ஒப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் தமிழகத்தினின்று தோட்டத் தொழில் நாடிக் கடல் கடந்தோர் பல நாடுகளிற் பரவினர். மொரீசியசு, நேட்டால், பிசி, மேற்கிந்தியத் தீவுகள் என அந்நாடுகளின் பெயர்கள் நீளும். எனினும் பெருந்தொகையினர் சென்றடைந்த தோட்ட நாடுகள் இலங்கையும் மலாயாவுமே. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும் வழக்கம் அரசினரிடம் முன்பே இருந்தது. மார்சோரிபாங்க்சு என்னும் ஆட்சித்துறை அலுவலரும் அகமது தம்பி மரைக்காயரும் இரு நாடுகளின் தோட்டங்களையும் நேரிற் கண்டு எழுதிய அறிக்கை 1917-இல் சென்னையில் வெளியாயிற்று. நம் இலக்கிய ஆய்வாளரோ இவ்விரு மக்களையும் ‘கடல் கடந்த தமிழர்’ என்னும் ஒரே தலைப்பில் அடக்கி, இரக்கம் ஒன்றையே பொதுப்பொருளாகக் கொண்டு அமைந்தனர். இரங்கத்தக்க வாழ்வே அது என்பதில் ஐயமில்லை. ஆயின் இரக்கம் வேற்றுமையைக் காணவொட்டாமற் கண்ணை மறைத்தலும் உண்டு.

அவ்வேற்றுமையை ஆராய்வதற்குத் தக்க காரணம் உளது. இலங்கைத் தோட்டத் தமிழர்பால் சுமத்தப்பெற்ற குற்றச்சாட்டுக்களுள் தலையாயது, அவர் வந்து போகும் கூட்டத்தினர், நாட்டில் நிலைத்த பற்றில்லாதவர் என்பது. 1948-இல் அவர் குடியுரிமை இழந்தமைக்கு இக்கூற்றே நியாயமாகக் காட்டப்பெற்றது. இதனை அளக்கும் கோல் ஒன்று வேண்டின், அதே மாவட்டங்களினின்று, அதே காலத்தில், அதே கங்காணியின் அழைப்பிற் சென்ற மலாயாத் தமிழரைக் காட்டிலும் தக்கது பிறிதில்லை. அவ்வாறு அளந்து காணுங்கால், ‘வந்து போவோர்’ என்னும் பெயர் அந்நாளைய மலாயாத் தமிழர்க்கே பெரிதும் பொருந்துவதும், இலங்கைத் தமிழர்க்குப் பொருந்தாமையும் புலனாகும். நிலைத்துத் தங்கியவர் உரிமை இழந்தனர். வந்து வந்து மீண்டவர் ஒருவாறு உரிமை பெற்றனர். இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

புறப்பட்ட இடம் இருவர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகள் இரு நாடுகட்கும் ஆள் அனுப்பின. மதுரை, இராமநாதபுரம் பகுதியினர் இலங்கைக்கும், ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதியினர் மலாயாவுக்கும் மிகுதியாகச் சென்றனர். நிலமில்லாப் பள்ளர், பறையர், சக்கிலியர் இரு கூட்டத்திலும் பெரும்பகுதியினர். உடன் சென்றோர் கள்ளர், அகம்படியர், வேளாளர் முதலியோர். மழை பொய்த்த ஆண்டுகளில் புறப்பட்டோர் தொகை ஏறிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம் இதற்குப் பெருஞ்சான்று. பண்ணையாளாய்ப் பிறந்து பண்ணையாளாய் இறப்பதினும் கடல் கடத்தல் மேல் என எண்ணியோர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. பிடித்துச் செல்லப்பட்டவர் என்றே அனைவரையும் கூறுதல் அவர்தம் துணிவைக் குறைத்துக் கூறுவதாகும்.

இலங்கைக்குச் சென்றோர் தொடக்கத்திற் பருவக் கூலிகளே. 1830-க்குப் பின் கண்டி மலைநாட்டிற் பரவிய காப்பிப் பயிருக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே ஆள் மிகுதியாக வேண்டும். ஆதலின் ஆடவர் கூட்டமாகச் சென்று, மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்து மாத்தளை சேர்ந்து, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியிற் பேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் மிகப் பலர். ஈண்டுக் கருதற்பாலது ஒன்று உண்டு: காப்பிக் காலத்துக் கூலி உண்மையிலேயே வந்து போகிறவன்தான். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1867-இல் லூல்கந்துரையில் சேம்சு டெயிலர் தொடங்கிய பயிர் இருபதாண்டுகளில் மலைநாடு முழுதையும் மூடிற்று. தேயிலைக்கு அறுவடைப் பருவம் என ஒன்றில்லை. ஆண்டு முழுதும் கிழமைக்கொரு முறையேனும் கொழுந்து கிள்ளவேண்டும். கிள்ளுதற்குப் பெண்கள் கையே ஏற்றது எனத் துரைமார் கருதினர். எனவே குடும்பம் குடும்பமாக ஆள் சேர்க்கும் முறை வளர்ந்தது. மனைவி கொழுந்து பறிக்கவும், கணவன் கவ்வாத்து வெட்டவும், சிறுவர் களை பிடுங்கவும், முழுக் குடும்பமும் பேர்ப்பட்டியலில் ஏறிற்று. ஊரில் விட்டு வந்தவர் ஒருவரும் இலராயின், ஊர் திரும்புதற்குக் காரணம் ஏது? மக்களை நிலைகொள்ளச் செய்தது அரசின் ஆணையன்று. செடியின் இயல்பே எனலாம்.

செடியோடு சேர்ந்து அவரைக் கட்டியது கடன். இலங்கையில் ஒப்பந்தக் கூலிமுறை வேரூன்றவில்லை. தொடக்கமுதல் கங்காணி முறையே வழங்கிற்று. சட்டப்படி தொழிலாளி ஒரு திங்கள் முன்னறிவிப்புத் தந்து விலகலாம். நடைமுறையோ வேறு. ஆள் திரட்டத் தோட்டத்துரை பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார்; பெரிய கங்காணி சில்லறைக் கங்காணிகட்குக் கொடுப்பார்; அவர் வழிச்செலவு, உணவு, துணி, ஊர்க்கடன் தீர்த்தல் எனக் குடும்பத்தின் பெயரிற் பற்றெழுதுவார். தோட்டத்தை அடையும்போதே தொழிலாளி கடனாளி. அக்கடன் எவ்வளவு என அவனுக்குத் தெரியாது; கணக்கு கங்காணியிடம் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்லவேண்டுமாயின், ‘இவ்வளவு கடன் செலுத்தினால் இவ்வாள்களை விடுவிக்க இசைகிறேன்’ எனத் துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். புதுத் துரை கடனைக் கட்டி ஆளைப் பெறுவார். கடன் தீராது, கடன்காரன் மட்டும் மாறுவான். கங்காணியோ துண்டைக் கையிற் கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று முன்பணத்தை உயர்த்திக் கேட்பான். உயர்ந்த தொகை அத்தனையும் தொழிலாளியின் பற்றில் ஏறும். அன்றியும், தன்கீழ் வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே தொழிலாளி நோயுற்றுப் படுப்பது கங்காணிக்கு நட்டம்.

துண்டுமுறை 1921-இற் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது. அதற்குள் இரண்டு தலைமுறையினர் மலையிலேயே பிறந்து வளர்ந்துவிட்டனர். அறியாது செய்யினும், துண்டு ஒரு செயலைச் செய்து முடித்திருந்தது: ஊர் திரும்ப இயலாத ஒரு குடியை அது உண்டாக்கிவிட்டது. இலங்கைத் தமிழர் அந்நாட்டுக்குரியரல்லர் எனப் பின்னாளில் வாதிட்டோர் இக்கடன் வரலாற்றை ஒருபோதும் எடுத்துரைத்தாரில்லை.

மலாயாவின் கதை தலைகீழ் வரிசையில் அமைந்தது. அங்கு முதலில் வந்தது ஒப்பந்தம். பினாங்கை அடுத்த வெல்லெசுலி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆண்டுக்கணக்கிற் கட்டுண்டு சென்றோரைச் ‘சஞ்சிக் கூலிகள்’ என்பர். சஞ்சி என்பது உடன்படிக்கையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் திரிபு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு உந்துவண்டித் தொழில் வளரவே, இரப்பர் விலை ஏறிற்று. ஆள் தேவையும் பன்மடங்காயிற்று. கட்டுண்ட கூலிமுறை இத்தேவைக்குப் போதாதெனக் கண்ட அரசு 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்றை நிறுவிற்று. தாம் வேலை வாங்கும் தமிழ்த் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ப ஒவ்வொரு முதலாளியும் அந்நிதிக்கு வரி செலுத்தவேண்டும். நாகப்பட்டினத்தினின்றும் சென்னையினின்றும் செல்வோர்க்குக் கப்பற் கட்டணம் அந்நிதியிலிருந்து கொடுக்கப்படும். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பெற்றது.

இவ்வொரு நிதி விளைத்த வேற்றுமை சிறிதன்று. கப்பற் செலவுக்கெனத் தொழிலாளி கடன்படவில்லை. ஆளைக் கொணரும் செலவை முதலாளிகள் பொதுவிற் பகிர்ந்துகொண்டமையால், ஓர் ஆள் வேறு தோட்டம் போனால் பெருநட்டம் என ஒருவரும் அலறவேண்டுவதில்லை. இங்கும் கங்காணி உண்டு. ஆயின் அவன் இலங்கையின் பெரிய கங்காணியைப் போலக் குறுநில மன்னனல்லன். உரிமச்சீட்டுப் பெற்றுத் தன் ஊருக்குச் சென்று இருபது முப்பது பேரை அழைத்துவரும் சிறு தலைவனாகவே பெரும்பாலும் இருந்தான். அவன் கொடுமை குறைந்தவன் என்று நான் கூற வரவில்லை. அவன் கையிற் கடன் என்னும் கயிறு அத்துணை நீளமாக இல்லை என்றே கூறுகின்றேன். கயிறு குறுகியதாகவே தொழிலாளி நடமாடினான். தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றான். இருப்புப்பாதை, பொதுப்பணி, துறைமுகம், நகராட்சி என அரசு வேலைகளுக்கும் சென்றான். மூன்றாண்டு உழைத்துச் சிறுபொருள் திரட்டி ஊர் மீண்டான். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் வரை மலாயாவுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ நாற்பது இலட்சத்தவர் என்றும், அவருள் மிகப் பெரும்பாலோர் திரும்பினர் அல்லது மாண்டனர் என்றும் வரலாற்றறிஞர் கணிப்பர். 1947-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயாக் கூட்டாட்சியில் எஞ்சி நின்ற இந்தியர் 5,30,638 பேரே. இலங்கையிலோ முந்திய ஆண்டில் எடுத்த கணக்குப்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000.

பெண்டிர் தொகை இவ்வுண்மையை இன்னும் தெளிவாக்கும். 1931-இல் மலாயா இந்தியருள் ஆடவர் ஆயிரவர்க்குப் பெண்டிர் ஐந்நூற்றுவருக்கும் குறைவு. இலங்கைத் தோட்டங்களில் இத்தகைய பள்ளம் அக்காலத்தில் இல்லை. பெண்ணில்லாத லயத்தில் குடும்பம் ஏது, குலதெய்வக் கோயில் ஏது, தாலாட்டு ஏது? மலாயாத் தோட்டங்களிற் கள்ளுக்கடை பெற்ற ஆட்சிக்கு இந்நிலையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. கள்ளுக்கடை இலங்கைத் தோட்டத்திலும் இருந்ததுதான். ஆயின் அங்கு அது குடும்பத்தினின்று ஆடவனைப் பிரித்தது, இங்குக் குடும்பத்தின் இடத்தில் தானே அமர்ந்தது.

கூலியை ஒப்பிடுதல் எளிதன்று. நாணயம் வேறு, விலைவாசி வேறு. இலங்கையில் 1927-ஆம் ஆண்டுக் குறைந்த கூலிச் சட்டத்தின் பயனாக 1929 தொடக்கத்தில் உயர்மலைத் தோட்டங்களில் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் வகுக்கப்பெற்றன. அதே காலத்து மலாயாவின் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் ஆடவன் கூலி 50 காசு, பெண் கூலி 40 காசு. எண்ணளவில் இலங்கை சிறிது மேல் எனத் தோன்றும். ஆயின் இலங்கைச் சதம் ரூபாயின் நூற்றிலொரு பங்கு. மலாயாக் காசு வெள்ளியின் நூற்றிலொரு பங்கு. ரூபாய் பதினெட்டுப் பென்சும் வெள்ளி இருபத்தெட்டுப் பென்சும் பெற்ற நாள்கள் அவை. ஆகவே மலாயாத் தொழிலாளி பெற்றது இலங்கைத் தொழிலாளி பெற்றதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மலாயாவில் அரிசி முதலியவற்றின் விலை மிகுதி என்பதும், இலங்கையில் தோட்டமே சலுகை விலையில் அரிசி அளந்தது என்பதும் இவ்வேறுபாட்டைக் குறைக்கும், அழிக்கா. ஒன்றை மட்டும் இரு நாட்டுத் துரைமாரும் தம்முட் கலந்து பேசியவர் போல ஒரே அளவில் வகுத்தனர்: பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு. இலங்கையில் தேயிலைத் தொழில் முழுதும் பெண்ணின் விரல் நுனியில் நின்றது என்பதை நினைக்குங்கால் அவ்வளவை நியாயம் எனக் கூற ஒருவர்க்கும் நா எழாது. அவள் பெற்ற கூலியும் பெரும்பாலும் கணவன் அல்லது தந்தையின் கையிலேயே கொடுக்கப்பட்டது.

இரு தோட்டங்களிலும் வழங்கிய சொற்களைத் தொகுத்து நோக்குவது தமிழ் பயில்வோராகிய நமக்கு ஏற்ற பணி. காலை வரிசையைப் ‘பெரட்டு’ என்பதும், நீள் குடியிருப்பை ‘லயம்’ அல்லது ‘லயன்’ என்பதும் இரு நாட்டுக்கும் பொது. இரண்டும் ஆங்கிலச் சொற்களின் திரிபு. அவற்றுக்கு அப்பால் வழிகள் பிரிகின்றன. இலங்கையில் நாட்கூலிக்குப் ‘பேர்’ என்பது பெயர். பாதி வேலை செய்தவனுக்கு ‘அரைப்பேர்’ விழும். மனிதனின் பெயரே கூலியின் அளவாகிவிட்ட இவ்வழக்கின்மேல் உரை வேண்டுவதில்லை. குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் ‘பிள்ளைக் காம்பரா’, கணக்கெழுதுவோர் ‘கணக்கப்பிள்ளை’, மேற்பார்ப்போர் ‘கண்டாக்கையா’. மலாயாவிலோ குழந்தைகளுக்கு ‘ஆயாக் கொட்டகை’, எழுத்தர் ‘கிராணி’, மேற்பார்ப்போன் ‘மண்டோர்’, இரப்பர் ‘கித்தா’. சஞ்சி, கிராணி, மண்டோர், கித்தா ஆகியவை தமிழர் செவியில் மலாய் மொழி வழியே புகுந்தவை. இலங்கை மலைநாட்டுத் தொழிற்சொற்களில் சிங்களத்தின் பங்கு மிகச் சிறிதாகவே எனக்குப் புலப்படுகின்றது. இதனால் அறியக் கிடப்பது யாது? மலாயாத் தமிழன் நிலையில்லாதவனாயினும் சந்தையிலும் சாலையிலும் சீனரோடும் மலாய்க்காரரோடும் சந்தை மலாயிற் பேசிப் பழகினான். இலங்கைத் தமிழன் நிலைத்தவனாயினும், மலைக்கு மேலே ஒரு தனியுலகில் வாழ்ந்தான். மலையடியில் இருந்த சிங்களச் சிற்றூரோடு அவனுக்கிருந்த தொடர்பு மிகக் குறுகியது. தன் நிலத்தைத் தோட்டத்திற்கு இழந்ததாகக் கருதிய கண்டிச் சிங்களவனுக்கு அவன் அயலவனாகவே தோன்றினான். தோட்டத்தைத் திறந்தவன் வேறொருவன் என்பது அச்சினத்தின் நடுவே மறைந்துபோயிற்று.

1930-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் இரு கூட்டத்தின் இயல்பையும் வெளிப்படுத்திற்று. 1910-இல் இராத்தலுக்குப் பன்னிரண்டு சில்லிங்கைத் தொட்ட இரப்பர் விலை 1932-இல் சில பென்சுகளாக வீழ்ந்தது. மலாயாத் தோட்டங்கள் கூலியைக் குறைத்ததோடு நில்லாமல், ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட தமிழரைத் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பின. செலவு அக்குடியேற்ற நிதியிலிருந்தே. வரவழைத்த நிதியே வழியனுப்பிற்று. விலை ஏறியபின் மீண்டும் அழைத்துக்கொண்டன. ஊரில் வீடும் உறவும் உள்ளவனை இவ்வாறு இறைத்து ஊற்றுதல் எளிது. இலங்கையிலும் கூலி குறைந்தது, இரப்பர்த் தோட்டத்தினர் பலர் மீண்டனர். ஆயின் தேயிலை மலையின் மக்கள் பெரும்பாலும் அசையவில்லை. அசைவதற்கு அவர்க்கு வேறிடம் இல்லை. இலங்கை அரசின் வேண்டுகோளின்படி ஆராய்ந்து 1938-இல் அறிக்கை தந்த சர் எட்வர்டு சாக்சன், இந்தியர் வருகையால் இலங்கையர் வேலையிழந்தனர் என்பதற்குச் சான்றில்லை என்றே முடிவு செய்தார். அம்முடிவு கேட்பாரற்றுப் போயிற்று.

மலாயாவை 1936-ஆம் ஆண்டு இறுதியிற் பார்வையிட்ட சீனிவாச சாத்திரியார் அறிக்கைக்குப் பின், இந்திய அரசு 1938-இல் அந்நாட்டுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளரைத் தடுத்தது. 1939-இல் இலங்கைக்கும் தடை விதித்தது. தொழிலாளர் தாமே தலைநிமிர்ந்ததும் ஏறக்குறைய இக்காலமே. இலங்கையில் கோ. நடேசையர் 1931-இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டெழுதியும் பாடியும் கூட்டம் திரட்டினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலரின் குண்டுக்கு இரையானார். மறு ஆண்டு மலாயாவில் கிள்ளான் பகுதித் தொழிலாளர் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் கோரிக்கைகள் கற்றோர் நெஞ்சில் நிற்கத்தக்கவை: சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், துரையின் எதிரில் மிதிவண்டியினின்று இறங்கவேண்டுவதில்லை எனல் வேண்டும். இலங்கையிற் கூலியோடு கங்காணியின் பிடியும் கடனும் வழக்காயின. மலாயாவிற் கூலியோடு மானம் வழக்காயிற்று. மிதிவண்டி வாங்குமளவு காசும், அதனை ஏறிச் செல்லச் சாலையும் மலாயாத் தமிழனுக்கு இருந்தன என்பது இக்கோரிக்கையினுள் மறைந்து கிடக்கும் பொருளியற் செய்தி. நாதன் நாடுகடத்தப்பட்டார், சுடப்பட்டு இறந்தோரும் உளர்.

பின் வந்த போர், மலாயாத் தமிழரை அழித்த அளவு இலங்கைத் தமிழரைத் தொடவில்லை. சப்பானியர் ஆட்சியில் இரப்பர் விற்பனையின்றி நின்றது; தோட்டத்து இளைஞர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்-பருமா இருப்புப்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். காட்டிலே பேதியாலும் பசியாலும் பல்லாயிரவர் மாண்டனர். வீட்டுத் தலைவனை இழந்த லயங்கள் எத்தனையோ. எனினும் அப்போருக்குப் பின்னரே மலாயாத் தமிழர் நிலைத்த குடியாயினர் என்பது வியப்பு. தாயகத்தோடு தொடர்பு சில ஆண்டுகள் அறவே அற்றது. புதிய ஆள் வரவு நின்றது. தங்கியோர் மணந்து மக்களைப் பெற்றனர். இலங்கைத் தமிழர் 1900-ஆம் ஆண்டளவில் எய்திய நிலையை மலாயாத் தமிழர் 1950-ஆம் ஆண்டளவிலேயே எய்தினர் எனின் மிகையன்று.

இனி முரணுக்கு வருவோம். இலங்கையில் 1931 முதல் வாக்குரிமை வந்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா முதலிய மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரசினர் வென்றனர். சௌமியமூர்த்தி தொண்டைமான் அவருள் ஒருவர். ஏனைய தொகுதிகள் பலவற்றில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்டத் தமிழர் வாக்கு துணைசெய்தது. மறு ஆண்டே 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்டவேண்டும் என்றது அது. லயத்திற் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று ஏது? கங்காணியின் பற்றேட்டிலன்றி அவன் பாட்டன் பெயர் வேறெங்கும் எழுதப்பெறவில்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அவ்வாண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று.

மலாயாவில் 1957 ஆகசுடு 31-இல் விடுதலை வந்தபோது, அந்நாளிலும் அதன் பின்னும் அந்நாட்டிற் பிறப்போர் குடிமக்கள் என அரசியற் சட்டம் கூறிற்று. முன்னரே வாழ்ந்தோர் பதிவு செய்துகொள்ள வழி செய்யப்பெற்றது. 1946-இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசு ஆளும் கூட்டணியில் ஓர் உறுப்பாயிற்று. இவ்வேற்றுமையை மலாய்த் தலைவர் பெருந்தன்மையினர், சிங்களத் தலைவர் சிறுமையினர் எனக் கூறி முடிப்போர் உளர். அது ஆராய்ச்சியாகாது. மலாயாவில் வழக்கின் மையம் சீனர். மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அவர்க்கு உரிமை அளிப்பதா என்பதே வினா. இந்தியர் ஏறத்தாழப் பதினொரு விழுக்காட்டினர், மேற்குக் கரை நெடுகச் சிதறியவர், எத்தொகுதியிலும் பெரும்பான்மையினராகாதவர். அவர்க்குரிய தீர்வு சீனர்க்குரிய தீர்வின் நிழலிற் கிடைத்தது. இலங்கையிலோ தோட்டத் தமிழர் சில மலை மாவட்டங்களிற் செறிந்திருந்தனர். நிலைத்து வாழ்ந்தமையாற் செறிந்தனர், செறிந்தமையால் தொகுதிகளை வென்றனர், வென்றமையால் அஞ்சப்பட்டனர். வேரின்மை அவர்தம் குற்றமாகக் கூறப்பெற்றதாயினும், வேரூன்றியமையே அவர்க்குத் தீங்காய் முடிந்தது.

இதன் மறுபக்கமும் காணத்தக்கது. மலாயாவில் உரிமை பெற்றும் பதிவு செய்துகொள்ளாத தோட்டத் தொழிலாளர் மிகுதி; மொழித் தேர்வும், படிவமும், அறியாமையும் தடுத்தன. 1969-இல் குடிமக்களல்லாதார்க்கு வேலை உரிமச்சீட்டு வேண்டும் என்ற விதி வந்தபோது பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். அதற்கு முன்பே, வெள்ளையர் விற்ற பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாகக் கூறுபட்டுத் தொழிலாளர் தெருவில் நின்றனர். இதனைத் தடுக்க வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; தொழிலாளரே பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்கிய அம்முயற்சிக்கு நிகரான ஒன்று இலங்கையில் எழவில்லை. சங்கத்தின் கை எட்டாத தோட்டங்களோ பின்னர்ச் செம்பனைக்கும் நகர் விரிவுக்கும் இரையாயின. லயத்தை இழந்தவர் நகர்ப்புறக் குடிசைகளிற் சேர்ந்தனர். 2007 நவம்பரில் கோலாலம்பூர்த் தெருக்களில் இந்தியர் திரண்டு நின்ற பேரணிக்கு இந்நிலையிழப்பும் ஒரு காரணம். தொகுதி எதனிலும் பெரும்பான்மை இல்லாமையால் அன்று எளிதிற் கிடைத்த உரிமை, அதே காரணத்தால் பின்னர்ப் பேரம் பேசும் வலிமையற்றதாயிற்று.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு எதிர்மாறு. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் 1974-இற் சரிபாதியாகப் பங்கிடப்பெற்றனர். சம்பந்தப்பட்ட மக்களை ஒரு சொல் கேட்டாரில்லை. எனினும் மலையில் எஞ்சிய செறிவு தன் வேலையைச் செய்தது. 1978-இல் தொண்டைமான் அமைச்சரானார்; தொழிற்சங்கமும் வாக்கும் ஒரு கையில் இருந்தமையால் சிறிது சிறிதாகச் சட்டங்கள் திருத்தப்பெற்றன; 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டில், 1963-இல் பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981-இல் 8,18,656 ஆகச் சுருங்கிவிட்டது.

அவ்வாறு பிரித்தனுப்பப்பெற்றோர் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவருட் பலர்க்கு அதுவே தமிழகத்தின் முதற் காட்சி. தமிழக அரசு 1968-இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பகுதியினர் மீண்டும் கொழுந்து கிள்ளும் வேலைக்கே அமர்ந்தனர். பாட்டனார் திருச்சிராப்பள்ளியினரோ சேலத்தினரோ, நீலகிரியில் அவர்க்கு வழங்கும் பெயர் ‘சிலோன்காரர்’ என்பது.